மூன்றாவது கோழி

நம் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே முணுமுணுக்கிற விதி ஒன்று உண்டு. சிறுநீரகமும் கணையமும் சேர்த்து மாற்றிய பன்றி எவ்வளவு நன்றாகத் தின்றாலும், எவ்வளவு நன்றாக நடந்தாலும், குறித்த நாளில் அதை மயக்கிக் கணையத்திலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது.

சில வாரங்களுக்கு முன் நான் அங்கே வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டார்: "யார் சார் இந்த ரூலைப் போட்டது? அவர் ஒரு தடவையாவது பன்றியை மயக்கிப் பார்த்திருப்பாரா?" நான்தான் போட்டேன் என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு எதிராக நானே போட்ட விதி அது. எப்படிப் போட நேர்ந்தது என்று அன்று சொல்லவில்லை. நேரம் இல்லை என்று சாக்குச் சொன்னேன். மனம் இல்லை என்பதுதான் சரி. இப்போது எழுதுகிறேன்.

நான் கத்தி பிடிப்பதற்கு முன் கோழி வைத்தியன். எருமப்பட்டிப் பக்கம் பிறந்து கால்நடை மருத்துவம் படித்தவன் வேறு என்ன ஆவான்? படிப்பு முடிந்ததும் நாமக்கல்லில் கோழி நோய் ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்தது. காலையில் கதவைத் திறக்கும் முன்பே பண்ணைக்காரர்கள் சாக்குப் பைகளோடு நிற்பார்கள். பைக்குள் செத்த கோழி. அதை அறுத்துப் பார்த்து, பண்ணையில் இருக்கிற ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு மருந்து எழுதிக் கொடுப்போம். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். எங்களுக்கு அதுதான் தொழில். ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகள், ஒரே தீவனம், ஒரே தண்ணீர், ஒரே கூரை. அதனால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்திருக்கும். ஒன்று எல்லாவற்றுக்காகவும் பேசும்.

என் மேலதிகாரிக்கு மட்டும் ஒரு கோழி போதாது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்த காலத்திலேயே தன் பெயரை யாராவது மேடையில் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறவர். அவர் மூன்று கேட்பார். செத்தது ஒன்று, சாகப் போகிறது ஒன்று, நன்றாக மேய்கிறது ஒன்று. முதல் இரண்டையும் பண்ணைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். மூன்றாவதுக்குத்தான் சண்டை.

"ஏனுங்க சார், அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கிட்டு நிக்குது. நல்லா இருக்கறத எதுக்குங்க அறுக்கோணும்?"

"நீங்க எது நல்லா இருக்குதுங்கறீங்களோ, அதைத்தான் நான் பாக்கோணும்."

"நீங்க பாத்த பொறகு அது நல்லா இருக்காதுங்களே!"

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். கையை நீட்டியபடியே நிற்பார். கடைசியில் கோழி வரும்.

அவர் ஓய்வு பெற்றதும் அந்த மேசைக்கு நான் வந்தேன். முதல் நாளே ஒரு பண்ணைக்காரர் சொன்னார்: "பழைய சாரு மாதிரி நீங்களும் உசுரோட இருக்கறதக் கேக்காதீங்க சாமி." நானும் சிரித்துவிட்டு, கேட்பதைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். கொஞ்ச நாளில் சாகப் போவதையும் கேட்பதில்லை. செத்தது ஒன்று இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. "இந்தச் சாரு ஒரே கோழியில சொல்லிப்போடுவாரு" என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. சொன்னதெல்லாம் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. எப்போதாவது தவறிய போது, தீவனத்தைக் குறை சொல்ல இடமிருந்தது.

பல வருடம் கழித்து மேற்படிப்புப் படித்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை இணைக்கிற வேலையைக் கற்றுக்கொண்டு, ராசிபுரம் சாலையில் இருக்கிற நம் கூடத்துக்கு வந்தேன். என் கை மாறியது. பழக்கம் மாறவில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். நீரிழிவு முற்றிச் சிறுநீரகமும் கெட்டுப்போன நோயாளிக்கு, ஒரே கொடையாளரின் சிறுநீரகத்தையும் கணையத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். உடம்பு இரண்டையும் அந்நியம் என்று கண்டுகொண்டு தாக்கப் பார்க்கும். அதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். சிறுநீரகம் தாக்கப்பட்டால் ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்துவிடும், அது வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்கிற கழிவு ஏறும். கணையம் ஊமை. அதில் பெரும்பகுதி அழியும் வரை சர்க்கரை சரியாகவே இருக்கும். சர்க்கரை ஏறுகிற அன்று காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்காது. கணைய நீர் சிறுநீர்ப்பையில் வடியும்படி இணைத்திருப்பதால், அதிலுள்ள அமைலேஸ் என்கிற நொதியைச் சிறுநீரில் அளக்கலாம்; கணையம் தாக்கப்பட்டால் அது இறங்கும். ஆனால் அது தள்ளாடுகிற அளவு; நம்புவது கஷ்டம். ஊசியால் கணையத்தைக் குத்திச் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சிதான் உறுதியான வழி. மனிதருக்கு அதில் ஆபத்து உண்டு. இரத்தம் கசியலாம், கணைய நீர் கசியலாம்.

ஆகவே எனக்கு ஒரு யோசனை பிடித்துப் போயிற்று. இரண்டும் ஒரே கொடையாளருடையவை. தாக்கினால் உடம்பு இரண்டையும்தான் தாக்கும். அப்படியானால் சிறுநீரகத்தைக் கவனித்தால் போதாதா? அது கணையத்துக்காகவும் பேசாதா? எங்களோடு சேர்ந்து வேலை செய்த சேலம் மருத்துவர்களிடம் ஒரு கூட்டத்தில் சொன்னேன்: "கிட்னி, கொட்டகை வாசல்ல நிக்கற கோழி மாதிரி. அதைப் பார்த்தா உள்ளே நடக்கறது தெரியும்." எல்லோரும் ரசித்தார்கள். ஆரம்பத்தில் செய்த பன்றிகளில் அப்படியேதான் நடந்தது. கிரியேட்டினின் ஏறும், மருந்தைக் கூட்டுவோம், இரண்டு உறுப்பும் தப்பிக்கும். நோயாளிகளுக்குக் கணையத்தில் ஊசி குத்துகிற வேதனை இனி வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை. கெட்ட ஆசை இல்லை. அதனால்தான் அது என்னை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது.

அந்தச் சமயத்தில் தேவிகா வந்து சேர்ந்தார். வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். நேர்காணலில் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். "இந்த வேலைக்கு ஏம்மா வரணும்னு நினைக்கிறீங்க?"

"எந்தம்பிக்கு ரெண்டும் போயிருச்சுங்க சார்."

சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இப்போது சிறுநீரகமும் போய், சேலத்தில் டயாலிசிஸ். இரண்டு உறுப்புக்கும் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறான். இதைச் சொன்னபோது அவர் குரல் தணியவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவர்களின் உரத்த, நேரான குரல். ஆக, எங்கள் முடிவு எந்த ஆளின் வயிற்றில் போய் நிற்கும் என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். பின்னால் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். விலங்குகளைப் பார்த்துக்கொண்ட பழனியப்பன். நாங்கள் எண் கொடுத்த பன்றிகளுக்கெல்லாம் அவர் பேர் வைப்பார். பேரை விடச் "சாமி" என்று கூப்பிடுவதுதான் அதிகம். வெள்ளச்சி என்று ஒரு பன்றி. அறுவைக்கு முன் சர்க்கரை ஏறிக் கிடந்தது, பிறகு தேறிவிட்டது. அவித்த மரவள்ளிக் கிழங்கை முன்னால் வைத்துப் பழனியப்பன் கேலி செய்வார்: "முந்தி சுகர் பார்ட்டி. இப்பப் பத்தியமெல்லாம் போச்சு. மெதுவாத் தின்னு சாமி, ஆரு புடுங்கப் போறாங்க?"

ஒரு கோடைக் காலையில் தேவிகா என்னைக் கொட்டகையில் பிடித்தார்.

"சார், வெள்ளச்சிக்கு அமைலேஸ் எறங்கியிருக்குதுங்க."

"கிரியேட்டினின்?"

"அப்படியேதான் இருக்குதுங்க."

"சுகர்?"

"அதுவும் சரியாத்தான் இருக்குது. ஆனா…"

"வெயிலைப் பார்த்தீங்களா? தொட்டித் தண்ணியெல்லாம் அதுதான் குடிக்குது. மூத்திரம் நீர்த்துப் போயிருக்கும்."

"மொத்தத்தையும் பிடிச்சு அளந்துதானுங்க சார் பார்த்தேன். நீர்த்தாலும் மொத்தம் குறையக் கூடாதுங்களே. கணையத்துல ஒரு பயாப்சி எடுத்துப் பார்த்துறலாங்களா?"

வெள்ளச்சி கிழங்கை மென்றுகொண்டிருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். "பாருங்க. நல்லா இருக்கறதை எதுக்கு அறுக்கணும்?"

இந்த வாக்கியத்தை எங்கே கேட்டேன் என்று அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. என் சொந்த வாக்கியம் போலவே வாயிலிருந்து வந்தது.

அடுத்த வாரத்தில் சர்க்கரை ஏறியது. ஏறிய வேகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மருந்தை ஏற்றிப் பார்த்தோம். பலனில்லை. வெள்ளச்சியை வதைக்காமல் முடித்துவிட்டு அறுத்துப் பார்த்தோம். கணையத்து இரத்தக்குழாயில் கறுப்பாக உறைந்த கட்டி.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நம் தொழிலில் தையல் போட்ட இடத்தில் இரத்தம் உறைந்து உறுப்பு போனால், அது அறுவை செய்தவரின் கைத்தவறு. அந்த விலங்கு நிராகரிப்புக் கணக்கில் சேராது. தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதித் தனியே வைத்துவிடுவோம். நான் உடனே சொன்னேன்: "தையல்ல தப்பு. என் தப்பு."

சுற்றி நின்றவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். பெரியவர் தவறைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாரே என்று. எனக்கும் அது பணிவு போலத்தான் இருந்தது. கையைப் பழிப்பது எனக்குச் சுலபம். யாருக்கும் ஒரு நாள் கை தவறும். யோசனையைப் பழிக்க வேண்டி வந்திருந்தால், பல வருடப் பேச்சு, கூட்டங்களில் வாங்கிய சிரிப்பு, எல்லாம் கலைந்திருக்கும். ஆகவே செய்யாத தவறை ஒப்புக்கொண்டு செய்த தவறை மறைத்தேன். இதை விடச் சுத்தமான பொய் ஒன்றை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

தேவிகா மட்டும் அசையவில்லை. கட்டியைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் போட்ட எடம் சுத்தமா இருக்குதுங்க சார். உள்ளே இருக்கற சின்னக் குழாய்லதான் மொதல்ல அடைச்சிருக்குது."

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தோம். கணையத்தின் சிறு குழாய்ச் சுவர்களுக்குள் வெள்ளணுக்கள் புகுந்திருந்தன. உடம்பு தாக்கியதன் அடையாளம் அது. செத்த திசுவில் எப்படியும் வெள்ளணுக்கள் மொய்க்கும் என்றும் சொல்லலாம். இரண்டு விதமாகவும் படிக்க முடிகிற ஸ்லைடு. எனக்கு வசதியான விதமாகப் படித்தேன். சிறுநீரகத்து ஸ்லைடு எனக்குக் கைகொடுத்தது. பாடப்புத்தகப் படம் போல அவ்வளவு சுத்தம்.

"ஒரே டோனர்கிட்ட இருந்து வந்த ரெண்டும்மா. ஒன்னை விட்டுட்டு ஒன்னை மட்டும் உடம்பு கடிக்குமா?"

"கடிக்காதுன்னு ஆருங்க சார் சொன்னா?"

"இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் சொல்லுது."

"இதையும் சேத்துப் பார்த்தாத்தானுங்களே அது எல்லாம் ஆகும்."

வேறு வேலை இருப்பது போல எழுந்து போனேன். அறிக்கையில் தொழில்நுட்பக் கோளாறு என்றே போயிற்று. தேவிகா அதற்கு மேல் வாதாடவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. என் பக்கம் நாற்காலி இருந்தது. உங்களில் மூத்தவர்களும் இதைப் படிக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்: கீழே இருக்கிறவர் பேசாமல் இருப்பது உடன்பாடு இல்லை.

அடுத்தது பொட்டு. நெற்றியில் கறுப்பு மச்சம் இருந்ததால் பழனியப்பன் அப்படி அழைத்தார். வெள்ளச்சிக்குச் செய்த அதே அறுவை, அதே மருந்து, அதே மாதிரி சிறுநீரகத்தை மட்டும் பார்க்கிற முறை. வெள்ளச்சியிடம் கற்றுக்கொண்டிருந்தால் மாற்றியிருப்போம். தையல் தவறு என்று எழுதிய பிறகு எதை மாற்றுவது? தையலை இன்னும் கவனமாகப் போட்டேன். அவ்வளவுதான்.

பொட்டு நன்றாகத் தேறியது. சேலத்திலிருந்து மருத்துவர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தங்கள் நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தை மட்டும் பார்த்துக் கண்காணிக்கலாமா என்பதை அவர்கள் அன்றுதான் முடிவு செய்வதாக இருந்தது. அவர்கள் வருவதற்குச் சில நாட்கள் முன்பு தேவிகா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பொட்டுக்கும் எறங்குதுங்க சார்."

எது என்று நான் கேட்கவில்லை. "கிரியேட்டினின் சரியா இருக்குல்ல?"

"வெள்ளச்சிக்கும் சரியாத்தானுங்க இருந்துச்சு."

"அவங்க வந்து போகட்டும்மா. வயித்துல கட்டோட மயங்கிக் கிடக்கற பன்றியையா காட்டறது? அவங்க போனதும் எடுத்துரலாம்."

"எந்தம்பி அவங்க ஆஸ்பத்திரியிலதானுங்க சார் பதிஞ்சிருக்கான்" என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. வழக்கமான அதே உரத்த குரல். பிறகு போய்விட்டார்.

தாக்குதல் தொடங்கியவுடன் மருந்தைக் கூட்டினால் கணையம் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிந்தினால் இல்லை. பொட்டுக்கு இருந்த வாய்ப்பு, நான் விருந்தாளிகளுக்காகக் காத்திருந்த அந்தச் சில நாட்களில் கரைந்தது.

மருத்துவர்கள் வந்தார்கள். பழனியப்பன் பொட்டைக் குளிப்பாட்டி, மேலே மஞ்சள் பூசாத குறையாக நிறுத்தியிருந்தார். கிழங்குச் சட்டியை வைத்ததும் அது தலையை உள்ளே விட்டது. வந்தவர்களில் மூத்தவர் ஒரு சிறுநீரக மருத்துவர், மெதுவாகப் பேசுகிறவர். கிரியேட்டினின் அளவுகளைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், பன்றியைப் பார்த்தார்.

"அருமையா இருக்கு சார். அப்போ நம்ம பேஷன்ட்டுக்கும் கணையத்துல ஊசி குத்த வேண்டாம். கிரியேட்டினினை மட்டும் பார்த்தாப் போதும். அப்படித்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேவிகா பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் பொட்டு தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் 'பேஷன்ட்' என்கிற சொல் அவருக்கு எந்த முகத்தைக் காட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் தொண்டைவரை வந்துவிட்டது. எது தடுத்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மனசாட்சி என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று காலை வரை அது எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையில் நான் பயந்தேன். ஆமாம் என்று சொன்னால் அந்தச் சொல் கூடத்தை விட்டு வெளியே போய்விடும், பிறகு என் கைக்குள் இருக்காது என்கிற பயம்.

"தேவிகா, அமைலேஸ் இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

அவர் திரும்பினார். "இன்னும் எறங்கியிருக்குதுங்க சார்."

"இவங்க இருக்கும்போதே பயாப்சி எடுத்துரலாம்."

மூத்த மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். "நல்லாத்தானே சார் இருக்கு?"

"நாமதான் அப்படிச் சொல்றோம்" என்றேன். அப்போதுதான் என் பழைய மேலதிகாரி ஞாபகத்துக்கு வந்தார். கையை நீட்டிக்கொண்டு சிரிக்காமல் நிற்கிற அந்த நிற்பு.

பொட்டை மயக்கி இரண்டு உறுப்பிலும் சதை எடுத்தோம். சிறுநீரகம் சுத்தம். கணையத்தில் வெள்ளணுக்கள் திருவிழாக் கூட்டம் போல அடைந்து கிடந்தன. குழாய்ச் சுவர்கள் வீங்கியிருந்தன. இரத்தம் இன்னும் உறையவில்லை. உயிருள்ள திசு இது. செத்த திசுவில் மொய்த்தது என்று சொல்ல முடியாது. மருத்துவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூத்தவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒரே டோனரா?"

"ஒரே டோனர்தான்."

"இப்படி ஆகறது இதுதான் முதல் தடவையா?"

தேவிகா ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. சொல்வது அவர் வேலையும் இல்லை.

"இல்லை. இதுக்கு முன்னாடி ஒன்னுக்கும் இதேதான் நடந்தது. தையல் தவறுன்னு நான் எழுதினேன். தையல்ல தவறு இல்லை. அது எனக்கு அப்பவே தெரியும். இவங்களும் சொன்னாங்க."

அவர் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தையலே தவறாப் போயிருந்தாக்கூடத் தேவலை சார்."

இன்றுவரை யாரும் என்னிடம் சொன்னதிலேயே கடுமையான வார்த்தை அதுதான்.

பொட்டுக்கு அன்றே மருந்தைக் கூட்டினோம். பிந்திவிட்டது. சர்க்கரை ஏறியது, எடை குறைந்தது, கிழங்குச் சட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முடித்துவிடலாம் என்று முடிவு செய்த காலை, பழனியப்பன் தட்டில் இருந்த சிறுநீரைக் காட்டினார்.

"ஏனுங்க சார், மூத்திரமெல்லாம் நல்லாத்தானுங்களே போவுது? அப்பறம் எதுக்குங்க?"

கிட்னி நன்றாக இருக்கிறது பழனியப்பா என்றேன். அந்தச் சிறுநீரகம் கடைசி மணிநேரம் வரை குறையில்லாமல் வேலை செய்தது. பக்கத்தில் எரிந்துகொண்டிருந்ததைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போய்ட்டு வா சாமி" என்று பொட்டின் காதில் சொல்லிவிட்டுப் பழனியப்பன் வெளியே போனார்.

வெள்ளச்சி செத்தது எனக்குத் தெரியாததால். அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் விலங்கின் உயிரை வாங்குகிறோம், அந்தக் கடனோடுதான் இந்த வேலையில் இருக்கிறோம். பொட்டு செத்தது அப்படி இல்லை. வெள்ளச்சியே சொல்லிவிட்டுப் போனதை நான் எழுத மறுத்ததால் இன்னொரு உயிர் வந்து அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நான் பேசிய கூட்டங்களின் முகங்கள் மறந்துவிட்டன. அந்தக் கறுப்பு மச்சம் மறக்கவில்லை.

அந்த வாரமே விதியை எழுதினேன். அறிக்கையைத் திருத்தி வெள்ளச்சியை நிராகரிப்புக் கணக்கில் சேர்த்தோம். என் யோசனை உடைந்தது. முழுக்கப் பொய்யும் இல்லை அது; பெரும்பாலான நேரம் சிறுநீரகம் இரண்டுக்காகவும் பேசத்தான் செய்கிறது. அதுதான் ஆபத்து. பெரும்பாலும் பொய் சொல்கிறவனிடம் நாம் எச்சரிக்கையாக இருந்துகொள்வோம். சேலத்து மருத்துவர்கள் கணையத்தைத் தனியாகவே கவனிப்பது என்று முடிவு செய்தார்கள். ஊசி குத்துகிற வேதனையிலிருந்து நோயாளிகளை விடுவிக்க நினைத்தவன், அவர்களுக்கு அதை நிரந்தரமாக்கிவிட்டேன்.

தேவிகா பிறகு வேறு ஊருக்குப் போனார். இப்போது அவருக்கு அடியில் பலர் வேலை செய்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன். "அடுத்ததுக்குப் பயாப்சி எப்பங்க சார்?" என்றுதான் பதில் சொன்னார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

போன பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. தம்பிக்கு இரண்டும் கிடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது முன்பே தெரியும்.

"தம்பிக்கு நேத்துக் கணையத்துல பயாப்சிங்க சார். கிரியேட்டினின் நல்லா இருக்குது, சுகர் நல்லா இருக்குது, ஆளு கறிச்சோறு தின்னுட்டுத் திரியறான். படுக்க வெச்சதும் டாக்டரோட ஒரே சண்டை. 'நல்லா இருக்கறவன எதுக்குங்க குத்தறீங்க'ங்கறான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை மூன்றாவது வாயிலிருந்து கேட்கிறேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெள்ளச்சி, பொட்டு கதையச் சொன்னேனுங்க. 'என்னையப் பன்னியோட சேக்கறயா'ன்னான். அப்பறம் பேசாமத் திரும்பிப் படுத்துக்கிட்டான்."

"ரிசல்ட்?"

"கணையத்துல லேசா ஆரம்பிச்சிருந்துச்சுங்க சார். உடனே மருந்து ஏத்திட்டாங்க. ஆரம்பத்துலயே புடிச்சதால ஒன்னும் பயமில்லைன்னுட்டாங்க."

நான் கேட்கத் தயங்கினேன். "கிட்னி?"

"சுத்தமுங்க சார்."

அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "சரிங்க சார், அவன் கூப்புடறான், வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த விதி உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றாகத் தின்கிற ஒரு விலங்கை மயக்கிப் படுக்கவைப்பது யாருக்கும் பிடிக்காது, பிடித்தால்தான் தப்பு. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் தாராளமாக முணுமுணுங்கள். முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுங்கள்.